அந்நியர் கைக் கருவி

1899ஆம் ஆண்டின் இலையுதிர் காலத்தில் மார்க்கோனி நியூயோர்க் நகரில் வந்திறங்கியபோது அவருக்கு வயது 25. பாய்க்கப்பற் போட்டியொன்றின் செய்திகளைக் கம்பியில்லாத் தந்தி மூலம் பத்திரிகைக்கு அனுப்புவதற்காகவே அவர் அழைக்கப்பட்டிருந்தார். போட்டி முடிந்ததும் ஐக்கிய அமெரிக்கக் கடற்படை அவருடைய கருவிகளைத் தன் போர்க்கப்பல்களில் ஏற்றிச் சோதித்துப் பார்த்தது. கருவிகள் நன்றாகவே பேசின, பேரந்தான் படியவில்லை. விலையோடு ஆண்டுதோறும் உரிமைக் கட்டணமும் தரல்வேண்டுமென்று மார்க்கோனியின் இலண்டன் கம்பனி கேட்டது. கடற்படை இணங்காது, 1903இல் ஜேர்மனியரின் சிலாபி-ஆர்க்கோ கருவிகளை வாங்கிக்கொண்டது. ஆங்கிலேயரை விட்டு ஜேர்மனியரிடம் சென்றது விலையையும் நிபந்தனையையும் பார்த்தேயன்றி, விற்பவன் எந்நாட்டான் என்பதைப் பார்த்தன்று.

பன்னிரண்டு ஆண்டுகளில் அந்நிலை அடியோடு மாறிற்று. உலகப் போர் மூண்டது. நியூயோர்க்கை அடுத்த சேவில் என்னும் ஊரில் ஜேர்மனியர் நடத்திய நிலையத்தை 1915இல் கடற்படை தன்வசமாக்கியது. 1917 ஏப்பிரலில் அமெரிக்கா போரில் இறங்கியதும், மார்க்கோனி கம்பனியின் அமெரிக்கக் கிளைக்குரிய நிலையங்களும் அதன் கைக்கு வந்தன. பிரித்தானியா நட்பு நாடுதான். ஆயினும் கம்பியில்லாத் தந்தி, சிப்பாய்க்கு வாங்கும் சப்பாத்துப் போன்ற பண்டமன்று. அதன் உள்ளமைப்பை அறிந்தவன் ஒருவன், அதன்வழி இரகசியம் பேசுபவன் மற்றொருவன். நண்பனாயினும் அவன் காது அங்கே இருப்பதைக் கடற்படை விரும்பவில்லை.

போர் முடிந்தது. வானொலி முழுவதையும் அரசுடைமையாக்க வேண்டுமென்ற கடற்படையின் கோரிக்கையைச் சட்டசபை ஏற்கவில்லை. அவ்வேளையில் மார்க்கோனி கம்பனி ஜெனரல் எலெக்றிக் கம்பனியிடம் ஒரு பெரிய பேரத்தை நடத்திக்கொண்டிருந்தது. அலெக்சாந்தர்சன் என்னும் பொறியியலாளர் அமைத்த மாறுமின்னோட்ட இயந்திரமே அத்திலாந்திக் சமுத்திரத்தைத் தாண்டிச் செய்தி அனுப்புவதற்கு அந்நாளில் மிகச் சிறந்த சாதனம். இருபதுக்கு மேற்பட்ட இயந்திரங்களையும், அவற்றைப் பயன்படுத்தும் தனியுரிமையையும் மார்க்கோனி கம்பனி கேட்டது. 1919 ஏப்பிரலில் கடற்படை அதிகாரிகளான புல்லார்டும் ஹூப்பரும் ஜெனரல் எலெக்றிக் தலைவர்களைச் சந்தித்து, விற்பனையை நிறுத்துமாறு கேட்டுக்கொண்டனர். அதைத் தடுக்கச் சட்டமேதும் இருக்கவில்லை. வேண்டுகோள் மாத்திரமே இருந்தது. அதுவே போதியதாயிற்று.

அமெரிக்க மார்க்கோனி கம்பனியின் நிலை இப்பொழுது இரங்கத்தக்கது. அதன் பெரிய நிலையங்கள் இன்னும் கடற்படையின் பிடியில் இருந்தன. புதிய இயந்திரமோ கிடையாது. 1919 ஒக்டோபர் 17இல் 'ரேடியோ கோர்ப்பரேஷன் ஒவ் அமெரிக்கா' பதிவுசெய்யப்பட்டது. நவம்பரில் பழைய கம்பனியின் உடைமைகள் யாவும் அதனிடம் சென்றன. புதிய கம்பனியில் அந்நியர் பங்கு 20 வீதத்தை மிஞ்சலாகாது. பணிப்பாளர்கள் அமெரிக்கப் பிரசைகளாதல் வேண்டும் என விதி எழுதப்பட்டது. பழைய கம்பனியை நடத்திவந்த எட்வேட் நாலியே புதியதற்கும் தலைவரானார். பின்னாளிற் புகழ்பெற்ற டேவிட் சார்னோவும் அவ்வாறே உடன் வந்தார். அதே நிலையங்கள், அதே மனிதர். மாறியது கொடி ஒன்றே. அந்த 20 வீத வரம்பு 1934ஆம் ஆண்டின் தொடர்பாடற் சட்டத்திலும் இடம்பெற்றது.

அதன்பின் வானொலி கப்பலிலிருந்து மனிதனின் கைக்கு இறங்கிற்று. இரண்டாம் உலகப் போரிற் சிப்பாய்கள் காதில் வைத்துப் பேசிய கருவி, பின்னர் மோட்டரோலா எனப் பெயர்மாறிய கம்பனி செய்தது. பொலிசாரும் தீயணைப்போரும் அத்தகைய கருவியின்றி வெளியிற் செல்லாத காலம் வந்தது.

சீனாவின் ஷென்சென் நகரில் 1993இல் தோன்றிய ஹைட்டரா என்னும் கம்பனி இத்துறையிற் புகுந்து, ஜேர்மனியிலும் இங்கிலாந்திலும் பழைய கம்பனிகளை வாங்கி உலக வழங்குநராக வளர்ந்தது. 2018 ஓகஸ்ட் 13இல் ஐக்கிய அமெரிக்கா இயற்றிய பாதுகாப்புச் சட்டத்தின் 889ஆம் பிரிவு அதன் பெயரையும் குறித்தது. பொதுமக்கள் பாதுகாப்பு முதலிய தேவைகளுக்கு அதன் கருவிகளை அரசு வாங்கலாகாது. 1919இல் வேண்டுகோளாக இருந்தது இப்பொழுது எழுத்திற் பொறித்த சட்டமாயிற்று.

இச்சட்டத்தின் வலிமை அதன் விரிவிலேதான் உள்ளது. 2019இல் அரசின் நேரடிக் கொள்வனவு நின்றது. அரசு ஒரு வாடிக்கையாளர்தானே, ஏனையோர் இருக்கிறார்களே என்று விற்பவன் ஆறுதல் கொள்ளலாம். ஆனால் 2020 ஓகஸ்டில், அக்கருவிகளைத் தன் முறைமையின் முக்கிய பகுதியாகப் பயன்படுத்தும் எந்த நிறுவனத்தோடும் அரசு ஒப்பந்தஞ் செய்யலாகாது என்ற இரண்டாங் கட்டளை நடைமுறைக்கு வந்தது. மத்திய அரசின் நன்கொடைப் பணத்தைக்கொண்டு அவற்றை வாங்குதலும் தடுக்கப்பட்டது. சிற்றூர்த் தீயணைப்புப் படையும் விலைப்பட்டியலைப் பார்க்குமுன் செய்தவன் பெயரைப் பார்க்க வேண்டுவதாயிற்று. மலிவான கருவியை நம்பியிருந்த சிறிய உள்ளூராட்சிக்கு இது சுமையென்பதில் ஐயமில்லை. 2022 நவம்பரில் தொடர்பாடல் ஆணைக்குழு மேலும் ஒருபடி சென்றது. அதன் அங்கீகாரமின்றி எந்தப் புதிய வானொலிக் கருவியையும் அந்நாட்டில் இறக்குமதி செய்யவோ விற்கவோ இயலாது. அவ்வங்கீகாரமே ஹைட்டராவின் புதிய கருவிகளுக்கு மறுக்கப்பட்டது. முன்னர் அங்கீகாரம் பெற்றவை மாத்திரம் தப்பின.

அக்கம்பனியின் அல்லல் முழுவதையும் இச்சட்டத்தின்மேற் சுமத்துதல் நேர்மையாகாது. தொழில் இரகசியங்களைக் கவர்ந்ததாக மோட்டரோலா தொடுத்த வழக்கில், 2020 பெப்ரவரியில் சிக்காகோ நகர யூரிமார் 76 கோடி டொலருக்கு மேற்பட்ட தொகையை விதித்தனர். பின்னர் அது குறைக்கப்பட்டது. அது குற்றஞ்சாட்டிச் சாட்சி கேட்டு முடித்த வழக்கு. பாதுகாப்புத் தடைக்கு அத்தகைய விசாரணை வேண்டியதில்லை, ஐயமே போதும்.

ஏனைய நாடுகள் வேறுவழி சென்றன. பிரித்தானியப் பொலிசாருக்குக் கைவானொலி வழங்கிய கேம்பிரிட்ஜ் நகரச் செப்பூரா கம்பனியை 2017இல் ஹைட்டரா வாங்கியபோது, அரசாங்கம் பாதுகாப்பு உறுதிமொழிகளைப் பெற்றுக்கொண்டு அனுமதித்தது. 2022இல் ஹைட்டரா அதனை ஒரு பிரித்தானிய முதலீட்டு நிறுவனத்துக்கு விற்றுவிட்டது.

கனடாவும் 2017இல் நோர்சாற் என்னும் கம்பனியை ஹைட்டரா வாங்குவதற்கு இடமளித்திருந்தது. அதன் கிளையான சின்கிளேயர், மத்திய பொலிசாரின் வானொலி நிலையங்களுக்கு அலைவடிகட்டிகள் வழங்கும் ஒப்பந்தத்தை 2021இற் பெற்றது. பெறுமதி ஏறத்தாழ ஐந்தரை இலட்சம் கனேடிய டொலர். 2022 டிசம்பரில் அச்செய்தி வெளியாகிப் பெருங் கிளர்ச்சி எழுந்தது. அக்கருவியால் எவரும் பொலிசாரின் பேச்சைக் கேட்க இயலாதென்று அப்பொலிசாரே அறிவித்தனர். ஒப்பந்தமோ அம்மாதமே இடைநிறுத்தப்பட்டது.