இடைக்காலக் கடனாளி: 2021 உதவித்தொகை வழிகாட்டு நெறிமுறைகளை மறுபடி வாசித்தல்

பட்டியல் சாதி மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகையைப் பற்றிய ஆய்வுகள் நெடுங்காலமாக இரண்டு கேள்விகளையே சுற்றி வந்திருக்கின்றன. தகுதியுள்ளவர் எத்தனை பேர் விடுபட்டார்கள் என்பது ஒன்று. தகுதியில்லாதவர் எப்படி உள்ளே வந்தார்கள் என்பது மற்றொன்று. குடும்ப ஆண்டு வருமான வரம்பு 2013-14 முதல் 2.5 லட்சம் ரூபாயிலேயே நிற்பது முதல் கேள்விக்குத் தீனி. 2019இல் மத்தியப் புலனாய்வுத் துறையின் கைக்குப் போன இமாசலப் பிரதேச உதவித்தொகை முறைகேடு இரண்டாவதற்கு. பணம் தாமதமாக வருவதை இந்த ஆய்வு மரபு அறியாததல்ல. ஆனால் அதை 'நடைமுறைச் சிக்கல்கள்' என்ற தலைப்பில், ஆள் பற்றாக்குறை, இணையதளக் கோளாறு, ஆதார் இணைப்பு ஆகியவற்றோடு ஒரே மூட்டையில் கட்டிக் கட்டுரையின் கடைசிப் பக்கத்தில் வைத்துவிடுகிறது. தகுதி ஒரு பொருள், தாமதம் வேறொரு பொருள் என்னும் இந்தப் பிரிவினையோடுதான் எனக்கு உடன்பாடில்லை. 2021 மார்ச்சில் வெளியான திருத்திய வழிகாட்டு நெறிமுறைகளைக் கூர்ந்து வாசித்தால், தாமதம் திட்டத்துக்கு வெளியிலிருந்து வந்து ஒட்டிக்கொண்ட நோய் அல்ல, திட்டத்தின் வரிசைமுறையே அதைப் பிறப்பிக்கிறது என்று காட்ட முடியும். அப்படியானால் சாதியும் வருமானமும் தவிர மூன்றாவதாக எழுதப்படாத ஒரு தகுதி நிபந்தனை இருக்கிறது: பணம் வரும்வரை காத்திருக்கும் வசதி.

நெறிமுறைகளின் மூன்று ஏற்பாடுகள் இங்கே முக்கியம். முதலாவது நிதிப் பங்கீடு. 2020 டிசம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தபடி மொத்தச் செலவில் மத்திய அரசு 60 விழுக்காட்டையும் மாநில அரசு 40 விழுக்காட்டையும் ஏற்கின்றன. ஐந்தாண்டுக்கான மொத்த மதிப்பீடு 59,048 கோடி ரூபாய். அதில் மத்தியப் பங்கு 35,534 கோடி. 2017-18 முதல் 2019-20 வரை ஆண்டுக்கு ஏறத்தாழ 1,100 கோடியாகச் சுருங்கியிருந்த மத்திய நிதியோடு ஒப்பிட்டால் இது பெரிய உயர்வுதான். அதைக் குறைத்துச் சொல்வது நேர்மையாகாது. இரண்டாவது, 2021-22 முதல் மத்தியப் பங்கு மாணவரின் வங்கிக் கணக்குக்கே நேரடியாகச் செல்லும். அதுவும் மாநிலம் தன் பங்கை விடுவித்துவிட்டது உறுதியான பிறகே. மூன்றாவது ஏற்பாடு ஃப்ரீஷிப் அட்டை. தகுதியுள்ள மாணவர் இந்த அட்டையைக் காட்டினால் முன்பணம் கேட்காமல் கல்வி நிறுவனம் அவரைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். உதவித்தொகை கணக்கில் ஏறியதும் மாணவர் கட்டணத்தைக் கட்டிவிட வேண்டும். முதல் இரண்டு ஏற்பாடுகளைப் பற்றி நிறைய எழுதப்பட்டிருக்கிறது. மூன்றாவது, ஏழை மாணவருக்குக் காட்டிய சலுகை என்ற அளவில் ஓரிரு வரிகளில் முடிந்துபோகிறது.

சலுகை என்று வாசிப்பதுதான் தவறு என்று நினைக்கிறேன். ஃப்ரீஷிப் அட்டையை ஓர் ஒப்புதல் வாக்குமூலமாக வாசித்துப் பார்க்கலாம். சேர்க்கை நாளுக்கும் பணம் வரும் நாளுக்கும் இடையில் இடைவெளி இருக்கும் என்று திட்டத்தை வகுத்தவர்களுக்குத் தெரிந்திருக்கிறது; இல்லாவிட்டால் அட்டை எதற்கு? அந்த இடைவெளிக்குக் காரணம் யாருடைய சோம்பலும் இல்லை. கல்லூரியின் சரிபார்ப்பு, மாவட்ட அளவிலான சரிபார்ப்பு, மாநிலத்தின் ஒப்புதல், மாநிலப் பங்கு விடுவிப்பு, அது உறுதியான பின் மத்தியப் பங்கு என்று படிகள் ஒன்றன் பின் ஒன்றாகவே அடுக்கப்பட்டிருக்கின்றன. ஒவ்வோர் அலுவலகமும் தன் வேலையைக் குறித்த நாளில் முடித்தாலும், செமஸ்டர் கட்டணத்தின் கடைசி நாளுக்குள் முழுத் தொகையும் வந்துசேரும் என்று இந்த அடுக்கு வாக்களிப்பதில்லை. போதாக்குறைக்கு ஒரே கட்டணம் இரண்டு துண்டாக, இரண்டு நாள்களில் வருகிறது. நாற்பது விழுக்காடு வந்த மறுநாள் அந்த மாணவரின் நிலை என்ன? உதவி பெற்றவரா, பாக்கிதாரரா? நெறிமுறை இதற்குத் தெளிவான விடை தருவதாக எனக்குத் தோன்றவில்லை. இடைவெளி உண்டு என்று ஒத்துக்கொள்கிற ஆவணம், அந்த இடைவெளியில் யார் யாருக்குக் கடன்பட்டிருக்கிறார் என்ற கேள்வியை மட்டும் தொடாமல் விடுகிறது. சட்டம் பேசாத இடத்தில் கல்லூரியின் கணக்குப் பிரிவு பேசும். அதன் பேரேட்டில் பாக்கி எழுதப்படுவது அரசின் பெயரில் அல்ல, மாணவரின் பெயரில்.

பழைய முறையிலும் பாக்கி இருந்ததே என்று கேட்கலாம். இருந்தது, ஆனால் அதன் முகவரி வேறு. கட்டணம் அரசிடமிருந்து நிறுவனத்துக்கு வரவேண்டியதாக இருந்தபோது, பெரும்பாலான நிறுவனங்கள் சேர்க்கையின்போது மாணவரிடம் கேட்காமல் விட்டு, அரசை எதிர்பார்த்துக் காத்திருந்தன. அந்தக் காத்திருப்புதான் உண்மையான உதவி என்பதை டாட்டா சமூக அறிவியல் நிறுவனத்தில் நடந்தது காட்டிக்கொடுத்தது. மத்திய நிதி குறைந்து பாக்கி ஏறியதைக் காரணமாகக் காட்டி, உதவித்தொகை பெறும் மாணவர்கள் விடுதிக் கட்டணத்தையும் உணவுக் கட்டணத்தையும் முன்கூட்டியே கட்ட வேண்டும் என்று 2017இல் அந்த நிறுவனம் அறிவித்தது. 2018 பிப்ரவரியில் மும்பை, துல்ஜாபூர், குவாஹாட்டி, ஐதராபாத் ஆகிய நான்கு வளாகங்களிலும் மாணவர்கள் வகுப்புகளைப் புறக்கணித்தார்கள். இதில் ஆய்வாளர் கவனிக்க வேண்டியது போராட்டத்தைவிட அதற்கு முந்திய நிலையை. அறிவிப்புக்கு முதல் நாளும் மறுநாளும் அந்த மாணவர்களின் சாதிச் சான்று அதே, வருமானச் சான்று அதே, அரசின் விதியில் அவர்களுக்கிருந்த தகுதியும் அதே. மாறியது நிறுவனம் இடைக்காலக் கடன் கொடுக்க மறுத்தது ஒன்றுதான். அந்த ஒரு மாற்றத்திலேயே படிக்க முடியுமா முடியாதா என்ற கேள்வி எழுந்துவிட்டது. தகுதியை வருமானத்தால் மட்டும் அளக்கிற ஆய்வுகளின் அட்டவணைகளில் இது ஒரு சலனத்தையும் காட்டாது. 2021 நெறிமுறை செய்திருப்பது, அங்கே ஒரு நிறுவனம் நிர்வாக முடிவாகச் செய்ததை நாடு முழுவதற்குமான பணப்போக்காக ஆக்கியிருப்பது. சற்றுக் கடுமையான கூற்று என்பது தெரிந்தே எழுதுகிறேன். ஃப்ரீஷிப் அட்டை விதியில் உள்ளபடி எங்கும் மதிக்கப்பட்டால் இதன் கடுமை பெருமளவு குறையும். ஆனால் அட்டை சேர்க்கையின் வாசலைத் திறக்கும் கருவி. இரண்டாம் ஆண்டின் பாக்கிக்கும், தேர்வு எழுதும் அனுமதிக்கும், படிப்பு முடிந்து சான்றிதழ் கேட்கும் நாளுக்கும் அதே வலிமை அதற்கு உண்டா என்பது ஐயம். 2017 முதல் 2020 வரையிலான பாக்கிக்காகப் பஞ்சாபில் தனியார் கல்லூரிகள் பட்டச் சான்றுகளை நிறுத்திவைத்தது அறிந்ததே. மூலச் சான்றிதழ்களை நிறுவனங்கள் பிடித்துவைக்கக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் அறிவித்தது. அப்படி ஓர் அறிவிப்பு தேவைப்பட்டதே, சான்றிதழ் அடமானப் பொருளாகப் பயன்பட்டதற்குப் போதிய சாட்சி.

இந்த வாசிப்புக்கு எதிராக வழக்கமாக முன்வைக்கப்படுவது கசிவு பற்றிய வாதம். நிறுவனத்துக்குப் பணம் போனால் இல்லாத மாணவர் பெயரில் அது சுருட்டப்படும், மாணவர் கணக்குக்குப் போனால் சுருட்ட முடியாது என்பது அதன் சாரம். முறைகேடுகள் நடந்ததை மறுக்க யாராலும் ஆகாது. ஆனால் இந்த வாதம் இரண்டு வேலைகளை ஒன்றாகக் குழப்புகிறது. மாணவர் உண்மையில் இருக்கிறாரா, வகுப்புக்கு வருகிறாரா என்று சரிபார்ப்பது ஒரு வேலை. பணம் எந்தக் கணக்கின் வழியாகப் போக வேண்டும் என்று தீர்மானிப்பது வேறொன்று. ஆதார் வழிச் சரிபார்ப்பும் வருகைப் பதிவும் முதல் வேலையைச் செய்துமுடித்த பிறகு, கட்டணம் ஏழாம் நாளோ பத்தாம் நாளோ கல்லூரிக்கே திரும்பப் போகப்போகிற நிலையில், அதை மாணவரின் கணக்கில் இறக்கி ஏற்றுவதால் கூடுதலாக எந்தத் திருட்டு தடுக்கப்படுகிறது என்று யாரும் விளக்கியதாகத் தெரியவில்லை. மாணவர் பணத்தை வேறு வழியில் செலவழித்துவிடுவார் என்ற எதிர்த்திசைக் குற்றச்சாட்டும் உண்டு. அது நிர்வாகங்களின் புலம்பல். அதற்கு இங்கே இடம் ஒதுக்கத் தேவையில்லை.

தன்மானம் பற்றிய வாதம் இதைவிடக் கனமானது. கல்லூரி அலுவலகத்தின் தயவில் நில்லாமல் தன் பெயரில் தன் கணக்கில் பணத்தைப் பெறுவது, தலைமுறைகளாக எதையும் கைநீட்டியே வாங்க வேண்டியிருந்த சமூகங்களுக்கு எளிய விஷயம் அல்ல. இதை ஏற்கிறேன். ஆனால் நெறிமுறையில் இரண்டு வகைப் பணம் இருக்கிறது. ஒன்று, விடுதியில் தங்குவோருக்கு ஆண்டுக்கு அதிகபட்சம் 13,500 ரூபாயும் வீட்டிலிருந்து வருவோருக்குக் குறைந்தபட்சம் 2,500 ரூபாயும் என்று வகுக்கப்பட்ட கல்விப் படி. சாப்பாடு, பேருந்து, புத்தகம் எல்லாம் இதற்குள். மற்றொன்று, கட்டாயமாகச் செலுத்த வேண்டிய, திருப்பித் தரப்படாத கட்டணம். முன்னது மாணவரின் பணம். அதை அவர் கையில் கொடுப்பதில் இரு கருத்துக்கு இடமில்லை. பின்னது அவர் கணக்கைக் கடந்துபோகும் பணம். அதில் ஒரு ரூபாயைக்கூட அவர் தன் விருப்பப்படி செலவிட முடியாது. கடந்துபோகும் பணத்தில் கிடைப்பது தன்மானம் அல்ல, பொறுப்பு மட்டுமே. உண்மையில் மாணவரின் கையில் நிற்கும் தொகையை எடுத்துக்கொண்டால், படிப்புகளை வகுத்த பிரிவுகளில் முதலாவதைச் சேர்ந்த விடுதி மாணவருக்குப் பழைய விதியில் மாதம் 1,200 ரூபாய். கல்வியாண்டைப் பத்து மாதமாகக் கணக்கிட்டால் 12,000. பத்தாண்டு கழித்து அது 13,500. தன்மானத்தைப் பற்றிக் கவலைப்படுவோர் சண்டை போட வேண்டிய எண் இதுதான்.

நிறுவனத்துக்கு நேரே பணம் செலுத்தினால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்வதாக வாசிக்கப்படக் கூடாது. தெலங்கானாவில் கட்டணத்தை அரசு கல்லூரிகளுக்கே ஈடுசெய்யும் முறை இருக்கிறது. அங்கேயும் பாக்கி குவிந்து தனியார் கல்லூரிகள் கதவடைப்பு வரை போயின. என் வாதத்துக்குக் கிடைத்த சட்ட ஆதரவும் முழு மகிழ்ச்சிக்குரியதல்ல. கட்டண ஈட்டைத் தாய்மாரின் கணக்கில் செலுத்திய ஆந்திர அரசின் ஏற்பாட்டை அம்மாநில உயர் நீதிமன்றம் 2021 செப்டம்பரில் ரத்துசெய்து, பணத்தைக் கல்லூரிகளுக்கே அனுப்பச் சொன்னது. வழக்குத் தொடுத்தவை கல்லூரி நிர்வாகங்கள். அவற்றின் கவலை மாணவரைப் பற்றியதல்ல, வசூலைப் பற்றியது. இருந்தாலும் தெலங்கானா, ஆந்திரம் இரண்டும் சேர்ந்து ஒன்றைக் காட்டுகின்றன. அரசிடமிருந்து வரவேண்டிய பாக்கிக்கு நிர்வாகங்கள் கடன்கொடுத்தவர்களாக இருக்கும்போது அவற்றுக்குச் சங்கம் இருக்கிறது, வழக்கறிஞர் இருக்கிறார், அமைச்சரோடு பேச்சுவார்த்தை நடக்கிறது. மாணவர் கடனாளியாக்கப்படும்போது அவருக்கு இருப்பது துறை அலுவலகத்தின் குறைதீர் மனு. அரசின் தாமதத்தை யார் சுமக்க வேண்டும் என்றால், அரசை நெருக்கும் வலிமை யாருக்கு இருக்கிறதோ அவர் சுமப்பதுதான் நியாயம்.

தமிழ்நாட்டில் 2010-11 முதல் இருந்துவரும் முதல் பட்டதாரிச் சலுகை இந்த வகையில் அதிகம் கவனிக்கப்படாத எடுத்துக்காட்டு. கலந்தாய்வு வழியாகத் தொழிற்படிப்பில் சேரும் மாணவர், குடும்பத்தில் தமக்கு முன் பட்டதாரி இல்லை என்று வருவாய்த்துறைச் சான்று பெற்றிருந்தால், சேர்க்கையின்போதே கற்பிப்புக் கட்டணம் கழிக்கப்பட்டுவிடுகிறது. அதை நிறுவனத்துக்குக் கொடுப்பது அரசின் பாடு. வருமான வரம்பு இல்லை என்பதால் இலக்கு நோக்கிய திட்டம் அல்ல என்று இதைக் குறைகூறுவோர் உண்டு. அந்தக் குறை உண்மைதான். நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்வோர் இதில் வரமாட்டார்கள், விடுதிச் செலவும் வராது, இவையும் குறைகளே. ஆனால் வசதியுள்ள சிலருக்கும் பலன் போகிற இந்தத் திட்டத்தில் மாணவர் ஒரு நாள்கூடக் கடனாளியாக இருப்பதில்லை. மிக வறியவர்களுக்கென்றே வடிகட்டி வகுத்த மத்தியத் திட்டத்தில்தான் அவர் மாதக்கணக்கில் கடனாளி. துல்லியமாக இலக்கு வைப்பதற்கும் உதவி உரிய நாளில் சென்று சேர்வதற்கும் இடையில் உள்ள இந்த முரணை உதவித்தொகை ஆய்வுகள் இன்னும் தீவிரமாக எடுத்துக்கொள்ளவில்லை.

கடைசியாக, இதெல்லாம் நிறுவனங்கள் கொஞ்சம் இரக்கத்தோடு நடந்துகொண்டால் தீரக்கூடியதுதானே, விதியில் எழுத வேண்டுமா என்ற கேள்வி. 2024இல் தன்பாத் ஐ.ஐ.டி. சேர்க்கையில் எழுந்த வழக்கு உதவித்தொகைத் திட்டத்தைச் சேர்ந்ததல்ல. ஆயினும் இதே கேள்வியைத்தான் நீதிமன்றத்தின் முன் வைத்தது. பட்டியல் சாதி மாணவர்களுக்கு ஐ.ஐ.டி.களில் கற்பிப்புக் கட்டணம் முழுவதும் விலக்கு. ஆனால் இடத்தை உறுதிசெய்யும் தொகையாக 17,500 ரூபாயை ஜூன் 24 மாலை 5 மணிக்குள் இணையத்தில் கட்ட வேண்டியிருந்தது. முசாபர்நகர் மாவட்டத்துக் கூலித் தொழிலாளியின் மகன் ஒருவரின் குடும்பம் பணத்தைத் திரட்டி முடிப்பதற்குள் நேரம் கடந்து, இடம் போயிற்று. அந்த ஆண்டு நுழைவுத் தேர்வை நடத்தியது சென்னை ஐ.ஐ.டி. என்பதால் வழக்கு சென்னை உயர் நீதிமன்றம்வரை வந்து, பின் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. தகுதி பற்றி எந்தத் தரப்பும் ஐயம் எழுப்பவில்லை; நேரம் மட்டுமே வழக்கு. செப்டம்பர் 30 அன்று தலைமை நீதிபதி டி.ஒய். சந்திரசூட் அமர்வு அவரைச் சேர்த்துக்கொள்ள ஆணையிட்டது. அதற்கு அந்த அமர்வு கையிலெடுத்தது சேர்க்கை விதி எதையும் அல்ல. முழுமையான நீதி வழங்க அரசமைப்புச் சட்டத்தின் 142ஆம் பிரிவு உச்ச நீதிமன்றத்துக்கு மட்டும் தந்திருக்கும் தனி அதிகாரத்தை.