பட்டாளத்துக் காசில் பிறந்த வெளிச்சம்

மளிகைக் கடையில் பில் போடும்போது சிவப்பாக ஒரு கோடு வந்து 'பீப்'னு சத்தம் வருமே, அந்த லேசரோட பூர்வீகத்தைத் தோண்டினால் அமெரிக்க முப்படைகளின் பணப்பெட்டியில் போய் நிற்கும். வேடிக்கை என்னன்னா, காசு கொடுத்தவங்களுக்கே எதுக்குக் கொடுக்கிறோம்னு அப்போ தெரியாது!

இரண்டாம் உலகப் போர் முடிஞ்ச நேரம். அடிப்படை அறிவியலுக்குப் பணம் கொடுக்கும் தேசிய அறிவியல் அறக்கட்டளை 1950ல்தான் அங்கே வந்தது. அதுக்கு முன்னாடியே, 1946ல், கடற்படை ஓர் ஆராய்ச்சி அலுவலகம் திறந்து பல்கலைக்கழகங்களுக்குக் காசு கொடுக்க ஆரம்பிச்சாச்சு. ராடாரும் அணுகுண்டும் சொல்லிக் கொடுத்த பாடம் அது. இயற்பியல்காரனைப் பட்டினி போடாதே, என்றைக்காவது உதவுவான்!

இப்போ சார்லஸ் டவுன்ஸ் கதைக்கு வருவோம். போர்க்காலத்தில் பெல் ஆய்வகத்தில் 1.25 செ.மீ. அலைநீள ராடாரில் வேலை. "காற்றில் இருக்கிற நீராவி இந்த அலையை விழுங்கிடும்"னு எச்சரித்தார். யாரும் கேட்கலை. ராடார் சொதப்பியது. ஆனா போருக்குப் பின்னாடி, மூலக்கூறுகள் எந்த அலையை உறிஞ்சுகின்றன என்று ஆராய அதே கருவிகள்தான் கைகொடுத்தன.

பிறகு கொலம்பியா பல்கலைக்கழகத்தில், முப்படைகளின் பணத்தில் ஓடிய ஆய்வகத்தில் சேர்ந்தார். கடற்படைக்கு இன்னும் குறுகிய மில்லிமீட்டர் அலைகள் வேணும். அதுக்கான குழுவுக்கு இவர்தான் தலைவர். 1951 ஏப்ரலில் ஒரு காலை, குழுக் கூட்டத்துக்கு முன்னாடி வாஷிங்டன் பூங்கா பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது பொறி தட்டியது. மூலக்கூறுகளையே அலையைப் பெருக்க வைத்தால் என்ன? பழைய கவரின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தார்.

ரெண்டு வருஷம் உழைச்சும் ஒண்ணும் வரலை. துறையின் பெரிய தலைகள் ராபியும் குஷ்ஷும் வந்து, இது நடக்காது, காசை வீணாக்காதே, நிறுத்துன்னு சொன்னாங்க. கவனியுங்க, நிறுத்தச் சொன்னது ராணுவம் இல்லை, சக இயற்பியலாளர்கள்! பதவி நிரந்தரம் என்பதால் டவுன்ஸ் மறுத்துட்டார். 1954ல் அமோனியாவை வைத்து 'மேசர்' வேலை செய்தது. 1964ல் நோபல் பரிசு.

மேசர் நுண்ணலைக்கு. அதையே ஒளிக்குச் செய்தால் லேசர். அந்தப் பெயரை 1957 நவம்பரில் தன் நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்தவர் கார்டன் கூல்ட், அதே கொலம்பியாவின் ஆராய்ச்சி மாணவர். பிறகு டி.ஆர்.ஜி. என்ற கம்பெனியில் சேர்ந்தார். 1959ல் அந்தக் கம்பெனி ராணுவத்தின் ஆர்ப்பா அமைப்பிடம் 3 லட்சம் டாலர் கேட்டது. கிடைத்ததோ 9,99,000 டாலர்!

சந்தோஷப்படாதீங்க. திட்டம் ரகசியமாக்கப்பட்டது. கூல்ட் 1940களில் ஒரு மார்க்சிய வாசிப்பு வட்டத்துக்குப் போய் வந்தவர். பாதுகாப்பு அனுமதி கிடையாதுன்னுட்டாங்க. தன் யோசனையில் நடக்கும் வேலைக்குள் அவரே நுழைய முடியாது. 1960 மே மாதம் முதல் லேசரைக் காட்டியது வேறொருவர், ஹ்யூஸ் ஆய்வகத்தின் தியோடர் மைமன். கூல்டுக்கு அமெரிக்காவில் லேசருக்கான முதல் காப்புரிமை கிடைக்க 1977 ஆனது.

பட்டாளத்துக் காசு வாங்கினாலே பாவம்னு சொல்றவங்களுக்கு டவுன்ஸைக் காட்டலாம். காசு எங்கிருந்து வந்தா என்னன்னு கேட்கிறவங்களுக்குக் கூல்டைக் காட்டலாம். என்ன பயன்னு தெரியாத வரைக்கும் அந்தப் பணம் தாராளமா இருந்தது. ஆயுதமாகலாம்னு வாசனை வந்ததும் கதவுக்குப் பூட்டு விழுந்தது.

அதனால ஆராய்ச்சிக்கு யார் காசு தர்றாங்கன்னு மட்டும் கேட்டால் போதாதுன்னு தோணுது. நாளைக்கு அது பலிச்சா சாவி யார் கையில் இருக்கும்? அதையும் இன்றைக்கே கேட்டு வைக்கணும். நீங்க என்ன நினைக்கிறீங்க?