திரைக்கதையும் மெய்வரலாறும்: ‘சாரியட்ஸ் ஆஃப் ஃபயர்’ குறித்த இணையக் கலைக்களஞ்சியக் கட்டுரையைத் தொகுத்தலில் சான்றுச் சிக்கல்

ஆய்வுச் சுருக்கம்

1924ஆம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்கில் ஓடிய பிரித்தானிய வீரர்கள் இருவரைப் பற்றிய ‘சாரியட்ஸ் ஆஃப் ஃபயர்’ திரைப்படம் 1981இல் வெளிவந்தது. படத்திற்கும் வரலாற்றுக்கும் இடையிலான வேறுபாடுகளை விக்கிப்பீடியா போன்ற இணையக் கலைக்களஞ்சியத்தில் பதிவுசெய்யும் தொகுப்பாளர் எதிர்கொள்ளும் சான்றுச் சிக்கலை இக்கட்டுரை ஆராய்கிறது. படத்தையும் வரலாற்றையும் ஒப்பிடும் சான்றுகள் 1981க்குப் பிற்பட்டனவாகவே இருக்க முடியும். படத்தின் செல்வாக்குக்கு உட்படாத சான்றுகளோ 1981க்கு முற்பட்டவை. இவ்விரு வகைகளையும் இணைத்தாளும் முறையொன்றை இக்கட்டுரை முன்வைக்கிறது.

திறவுச்சொற்கள்: விளையாட்டுத் திரைப்படம், விக்கிப்பீடியா, சான்று, 1924 பாரிஸ் ஒலிம்பிக், எரிக் லிடெல், ஹரால்டு ஆபிரகாம்ஸ்

முன்னுரை

மெய்யான நிகழ்ச்சியைத் தழுவிய விளையாட்டுத் திரைப்படத்தைப் பற்றிய கலைக்களஞ்சியக் கட்டுரை, இரு பொருள்களை ஒரே தலைப்பின்கீழ்க் கையாள வேண்டியுள்ளது. ஒன்று திரைப்படம், மற்றொன்று அப்படம் எடுத்துக்காட்டும் விளையாட்டு நிகழ்ச்சி. முன்னதற்குப் படமே சான்றாகும். பின்னதற்குப் படம் சான்றாகாது. இவ்வெல்லை கட்டுரைக்குள் மங்கும்போது, திரைக்கதையாசிரியரின் கற்பனை வரலாற்றுச் செய்தியாக நிலைபெற்றுவிடுகிறது. வகுப்பறையில் விக்கிப்பீடியாவை மேற்கோள் காட்டலாகாது என்று கற்பிக்கும் நாமும் ஒரு பெயரையோ ஆண்டையோ சரிபார்க்க முதலில் அதனையே நாடுகிறோம். ஆகவே, அக்கட்டுரைகள் எவ்வாறு தொகுக்கப்படுகின்றன என்பது வரலாற்று ஆய்வாளரும் கருதத்தக்க பொருளாகும்.

திரைப்படமும் 1924ஆம் ஆண்டின் பதிவும்

ஹியூ ஹட்சன் இயக்கி, டேவிட் புட்னம் தயாரித்து, காலின் வெல்லண்ட் திரைக்கதை எழுதிய இப்படம் சிறந்த படம், மூலத் திரைக்கதை, இசை, ஆடை வடிவமைப்பு ஆகிய நான்கிற்கும் ஆஸ்கார் விருது பெற்றது. யூதரான ஹரால்டு ஆபிரகாம்ஸ், ஸ்காட்லாந்தைச் சேர்ந்த கிறித்தவரான எரிக் லிடெல் ஆகிய இருவரே இதன் நாயகர்கள்.

ஓட்டப் பந்தயங்களின் முடிவுகளில் ஐயத்திற்கு இடமில்லை. ஆபிரகாம்ஸ் 100 மீட்டர் ஓட்டத்தை 10.6 வினாடிகளில் முடித்துத் தங்கம் வென்றார். லிடெல் 400 மீட்டர் ஓட்டத்தை 47.6 வினாடிகளில் முடித்துத் தங்கம் வென்றார். 200 மீட்டரில் அமெரிக்கரான ஜாக்சன் ஷோல்ஸ் முதலிடமும் லிடெல் மூன்றாமிடமும் ஆபிரகாம்ஸ் ஆறாமிடமும் பெற்றனர். இம்முடிவுகளைப் படம் பெரிதும் மாற்றவில்லை. ஆனால் முடிவுகளைச் சூழ்ந்த காலவரிசை, ஆள்கள், காரணங்கள் ஆகியவற்றைத் தன் நோக்கிற்கேற்ப மாற்றியமைத்துள்ளது.

மாற்றங்களின் மூவகை

முதலாவது, காலவரிசை மாற்றம். படத்தில் ஆபிரகாம்ஸ் முதலில் 200 மீட்டரில் தோற்று, பின்னர் 100 மீட்டரில் வெல்கிறார். உண்மையில் 100 மீட்டர் இறுதிப் போட்டி ஜூலை 7ஆம் நாளும் 200 மீட்டர் இறுதிப் போட்டி ஜூலை 9ஆம் நாளும் நடைபெற்றன. தோல்விக்குப் பின் வெற்றி என்னும் கதையொழுங்கிற்காக வரிசை தலைகீழாக்கப்பட்டுள்ளது.

இரண்டாவது, ஆள்மாற்றம். கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரியின் பெருமுற்றத்தைக் கடிகாரம் பன்னிரண்டு மணி அடித்து முடிப்பதற்குள் ஆபிரகாம்ஸ் சுற்றி ஓடி முடிப்பதாகப் படம் காட்டுகிறது. ஆபிரகாம்ஸ் அவ்வோட்டத்தை முயன்றதே இல்லை. 1927இல் அதனைச் செய்து முடித்தவர் பர்லி பிரபு. படத்தில் அவருக்கு ஈடாக ஆண்ட்ரூ லிண்ட்சே என்னும் கற்பனைப் பாத்திரம் இடம்பெறுகிறது. ஆபிரகாம்ஸின் காதலியாகச் சிபில் கார்டன் என்னும் பாடகி வருகிறார். ஆனால் ஆபிரகாம்ஸ் 1936இல் மணந்தவர் சிபில் எவர்ஸ். அவரை ஆபிரகாம்ஸ் முதலில் சந்தித்ததே 1934இல்தான். ஒரே முதற்பெயருடைய இருவரும் டாய்லி கார்ட் இசைநாடகக் குழுவில் பாடியவர்கள் என்பது இம்மயக்கத்திற்கு இடமளிக்கிறது. மேலும், 1978இல் நடைபெறும் ஆபிரகாம்ஸ் நினைவு வழிபாட்டில் முதியவராகத் தோன்றும் ஆப்ரி மாண்டேக் உண்மையில் 1948இலேயே மறைந்துவிட்டார்.

மூன்றாவது, காரண மாற்றம். 100 மீட்டர் தகுதிச்சுற்று ஞாயிற்றுக்கிழமையில் நடைபெறுவதைப் பாரிஸுக்குக் கப்பலேறும் வேளையில் லிடெல் அறிவதாகப் படம் காட்டுகிறது. ஓய்வுநாளில் ஓட மறுக்கும் அவரிடம் வேல்ஸ் இளவரசரே வற்புறுத்துகிறார். இறுதியில் லிண்ட்சே தம் 400 மீட்டர் வாய்ப்பை விட்டுக்கொடுக்கிறார். வரலாறு வேறு. போட்டி அட்டவணை சில மாதங்களுக்கு முன்பே வெளியாகியிருந்தது. 1923இல் இங்கிலாந்தின் 100 கெஜ ஓட்டத்தை 9.7 வினாடிகளில் வென்றிருந்த லிடெல், தமக்குக் கைவந்த 100 மீட்டரைக் கைவிட்டு, அம்மாதங்களை 200, 400 மீட்டர்களுக்கான பயிற்சியில் செலவிட்டார்.

இம்மூன்றின் எடையும் ஒன்றன்று. 200 மீட்டர் முன்னரா பின்னரா என்பது காலவரிசைப் பிழை. லிடெலைப் பற்றிய மாற்றமோ ஒரு மனிதரின் செயலுக்கான பொருளையே மாற்றுகிறது. கப்பலேறும் நேரத்து நெருக்கடியில் உறுதி காத்தவராகப் படம் அவரைக் காட்டுகிறது. முன்கூட்டியே முடிவெடுத்து, அதன் விலையை நாள்தோறும் பயிற்சிக் களத்தில் செலுத்தியவராகப் பதிவு அவரைக் காட்டுகிறது. வேறுபாடுகளைப் புள்ளியிட்டு வரிசைப்படுத்தும் பட்டியல், காதலியின் பெயர் மாறியதையும் இதனையும் ஒரே தட்டில் வைத்துவிடுகிறது.

தொகுப்பு விதிகளும் வரலாற்றாய்வு முறையும்

விக்கிப்பீடியாவின் உள்ளடக்கக் கொள்கைகளுள் மூன்று அடிப்படையானவை: மெய்யறிதன்மை, நடுநிலை நோக்கு, சொந்த ஆய்வைத் தவிர்த்தல். படத்தின் கதைச்சுருக்கத்திற்குப் படமே முதன்மைச் சான்றாவதால் தனி மேற்கோள் வேண்டுவதில்லை. ஆனால் வரலாற்றுத் துல்லியம் பற்றிய பகுதிக்கு இச்சலுகை இல்லை. தொகுப்பாளர் ஒருவர் படத்தைப் பார்த்து, ஒலிம்பிக் அறிக்கையைப் படித்து, இரண்டையும் தாமே ஒப்பிட்டு ‘இங்கே படம் பிழைபட்டது’ என எழுதினால் அது சொந்த ஆய்வாகக் கருதப்படும். அவ்வொப்பீட்டை முன்னரே செய்து வெளியிட்ட நம்பத்தகுந்த நூலோ கட்டுரையோ வேண்டும்.

வரலாற்றாய்வாளருக்கு இவ்விதி முதற்பார்வையில் வியப்பளிக்கும். முதன்மைச் சான்றை நேரே நாடி ஒப்பிடுவதே அவருக்குப் பயிற்றுவிக்கப்பட்ட முறை. ஆயினும் விதிக்குக் காரணம் உண்டு. ஆய்விதழில் ஆசிரியர் பெயரிட்டுப் பொறுப்பேற்கிறார், மதிப்பீட்டாளர் சரிபார்க்கிறார். எவரும் தொகுக்கத்தக்க கலைக்களஞ்சியத்தில் அவ்விரண்டும் இல்லாமையால், வெளியே சரிபார்க்கப்பட்ட கூற்றை மட்டுமே ஏற்கும் ஏற்பாடு அங்கே காப்பாக அமைகிறது.

1981 என்னும் எல்லைக்கோடு

இவ்விதியிலிருந்தே நுட்பமான சிக்கலொன்று பிறக்கிறது. படத்தையும் வரலாற்றையும் ஒப்பிடும் எழுத்து எதுவும் படம் வெளிவந்த 1981க்குப் பின்னரே தோன்றியிருக்க முடியும். ஆனால் 1981க்குப் பின் லிடெலையோ ஆபிரகாம்ஸையோ பற்றி எழுதுவோர் பெரும்பாலும் படத்தைப் பார்த்தவர்கள். படக்காட்சி ஒன்று இதழ்க் கட்டுரையில் நிகழ்ச்சியாகக் குறிக்கப்படலாம். அவ்விதழ்க் கட்டுரை கலைக்களஞ்சியத்தில் சான்றாகக் காட்டப்படலாம். அக்கலைக்களஞ்சியத்தைப் பார்த்து அடுத்த கட்டுரை எழுதப்படலாம். மேற்கோள்கள் பெருகினும் அவற்றின் ஊற்று ஒன்றே. சுவடிகளின் வழிமுறையை ஆராயும் பதிப்பாசிரியர், ஒரே மூலத்திலிருந்து படியெடுத்த பத்துப் படிகளைப் பத்துச் சான்றுகளாக எண்ணுவதில்லை. இங்கும் அவ்வளவை பொருந்தும்.

எனவே ஒவ்வொரு கூற்றுக்கும் இருவகைச் சான்றுகளை இணைத்துக் காட்டுதல் தக்கது. ஒப்பீட்டைச் செய்தளிக்கும் 1981க்குப் பிற்பட்ட ஆய்வு ஒன்று. அவ்வாய்வு குறிப்பிடும் நிகழ்ச்சியை உறுதிப்படுத்தும் 1981க்கு முற்பட்ட நாளிதழ்ச் செய்தி, போட்டி அறிக்கை, வாழ்க்கை வரலாறு போன்ற பதிவு மற்றொன்று. முன்னது கூறாத முடிவு எதனையும் பின்னதைக்கொண்டு தொகுப்பாளர் வருவித்தல் கூடாது. இவ்வாறு செய்தால் சொந்த ஆய்வைத் தவிர்க்கும் விதியும் மீறப்படுவதில்லை. வட்டமிடும் மேற்கோளும் நுழைவதில்லை.

எடுத்துக்காட்டாக, 400 மீட்டர் இறுதிப் போட்டிக்கு முன் லிடெலிடம் விவிலிய வாசகச் சீட்டை ஷோல்ஸ் தருவதாகப் படம் காட்டுகிறது. அச்சீட்டைத் தந்தவர் பிரித்தானிய அணியின் உடற்பிடிப்பாளர் என்பதே வாழ்க்கை வரலாற்று மரபு. இவ்விடத்தில் 1981க்குப் பிற்பட்ட நினைவுகூரல் ஒன்றை மட்டும் சான்றாகக் காட்டினால், அது நிகழ்ச்சியின் நினைவா, படத்தின் நினைவா என்பதைப் படிப்பவர் பிரித்தறிய இயலாது.

நிகழ்ச்சியையும் நோக்கத்தையும் வேறுபடுத்துதலும் இன்றியமையாதது. ‘1927இல் ஓடியவர் பர்லி’ என்பது நிகழ்ச்சி. ‘அவர் பெயர் படத்தில் ஏன் இல்லை’ என்பது நோக்கம் பற்றிய வினா. அதற்கான விடை, கூறியவர் பெயரோடுதான் இடம்பெற வேண்டும்.

பேச்சுப் பக்கமும் மொழிபெயர்ப்பும்

கலைக்களஞ்சியத்தில் ஒவ்வொரு திருத்தமும் நாள், நேரம், முந்தைய வடிவம் ஆகியவற்றுடன் மாற்ற வரலாற்றில் தங்குகிறது. கருத்து மாறுபாடுகள் பேச்சுப் பக்கத்தில் பதிவாகின்றன. அச்சுக் கலைக்களஞ்சியத்தில் கைவிடப்பட்ட வாசகத்தைப் படிப்பவர் காண இயலாது; இங்கே காணலாம். ஆகவே மாணவருக்குக் கட்டுரையின் இறுதி வடிவத்தை மட்டும் காட்டாமல், ஒரு தொடர் எப்போது, எச்சான்றின்பேரில் நுழைந்தது என்பதையும் தேடக் கற்பித்தல் நலம்.

ஆங்கிலக் கட்டுரைகளைத் தமிழ் விக்கிப்பீடியாவிற்குப் பெயர்ப்போருக்கு இப்பொறுப்பு இரட்டிப்பாகிறது. மொழிபெயர்ப்பில் வாசகம் மட்டும் வருகிறது. அதன் பின்னுள்ள பேச்சுப் பக்க விவாதம் வருவதில்லை. மூலத்தில் ஐயத்துக்குரியதாக விவாதிக்கப்பட்ட தொடர், தமிழில் ஐயமற்ற செய்தியாகத் தோற்றம் கொள்கிறது. பெயர்ப்பவர் மேற்கோள் எண்ணைப் படியெடுப்பதோடு நில்லாமல் மேற்கோளைத் திறந்து படித்தல் வேண்டும்.

முடிவுரை

திரைப்படத்திற்கு வரலாற்றை மாற்றும் உரிமை உண்டு. அது கலையின் உரிமை. கலைக்களஞ்சியத்திற்கு அவ்வுரிமை இல்லை. ‘சாரியட்ஸ் ஆஃப் ஃபயர்’ குறித்த கட்டுரையைத் தொகுப்பவர் மூன்று வினாக்களை ஒவ்வொரு தொடரிடமும் எழுப்பலாம்: இச்செய்தி படத்தைப் பற்றியதா, 1924ஐப் பற்றியதா? இதற்கான சான்று 1981க்கு முற்பட்டதா, பிற்பட்டதா? இம்மாற்றம் காலவரிசையைத் தொடுகிறதா, ஒரு மனிதரின் செயலுக்குரிய பொருளைத் தொடுகிறதா? மூன்றாம் வினாவே பெரிதும் மறக்கப்படுவது. போர்க்காலச் சீனாவில், ஜப்பானியரின் தடுப்பு முகாமில் 1945இல் உயிர்நீத்த லிடெல் தம்மைப் பற்றிய படத்திற்கு மறுப்புரைக்க இயலாதவர். அவருக்காகப் பேசக்கூடியவை பதிவுகளே. அப்பதிவுகள் படத்தின் ஒளியில் மறையாமல் காத்தல், அக்கட்டுரையைத் தொகுப்பவரின் கடமையாகும்.