ஏட்டில் நின்ற சொல்

1956 நவம்பர் 1 அன்று தமிழகத்தோடு இணைந்த நம் திருவட்டாறு, முன்னர்த் திருவிதாங்கூர் நாட்டு ஊர். அந்நாட்டில் 1907ஆம் ஆண்டு சாது ஜன பரிபாலன சங்கத்தை நிறுவிய அய்யன்காளி, எழுத்தறியும் வாய்ப்பு மறுக்கப்பட்டவர். எனினும் 1912இல் ஸ்ரீமூலம் பிரஜா சபையில் ஏழைகளுக்கு நிலம் வேண்டி அவர் பேசியதை இன்றும் நாம் அறிகிறோம். சபையார் நடவடிக்கைகளைக் குறித்து அச்சிட்டு வைத்தனர் அல்லவா! நம் முன்னோர் குடிசைத் திண்ணைகளில் கூடிப் பேசியவற்றுக்கு ஏடு ஏது? பேசியவரோடு அவையும் மறைந்தன. ஆகவே எந்த மனு கொடுத்தோம், என்ன மறுமொழி வந்தது, மாணவர் உதவித்தொகைக்கு எச்சான்று கேட்டனர் என்பவற்றை அன்றன்றே சங்கப் பதிவேட்டில் எழுதுதல் வேண்டும். செயலாளர் மாறுகையில் அலுவலகச் சாவியோடு அவ்வேடும் கைமாற வேண்டும். பழைய செயலாளர் வீட்டுப் பரணில் கிடத்தலாகாது.