பீளமேட்டுப் பட்டறை முதல் ஹேக்கத்தான் வரை

அன்னூரில் பஸ் ஏறி சத்தி ரோட்டில் கோவைக்கு வரும் மாணவர்கள், சரவணம்பட்டியைத் தாண்டுவதற்குள் எத்தனையோ கல்லூரி போர்டுகளைப் பார்த்துவிடுவார்கள். இன்று எந்தக் கல்லூரியில் கேட்டாலும் ஸ்டார்ட்அப் போட்டி, ஹேக்கத்தான், மென்டரிங் என்றுதான் பேச்சு. ஏதோ அமெரிக்காவிலிருந்து நேற்று வந்து இறங்கிய சமாச்சாரம் போலத் தோன்றும். பேர்தான் புதுசு. விஷயம் கோவையில் ரொம்பப் பழசு.

1926-ல் பீளமேட்டில் பி.எஸ்.ஜி. குடும்பத்தின் நான்கு சகோதரர்கள் சொத்தைப் பிரித்தபோது அதை நாலாகப் பிரிக்கவில்லை, ஐந்தாகப் பிரித்தார்கள். ஐந்தாவது பங்கு தர்மத்துக்கு. ரூ.2,01,200 மூலதனத்தில் அறக்கட்டளை பிறந்தது. அதே ஆண்டில் இண்டஸ்ட்ரியல் இன்ஸ்டிட்யூட்டும் தொடங்கியது. அது வெறும் பள்ளிக்கூடமாக இருக்கவில்லை. விற்பனைக்குச் சாமான் செய்யும் பட்டறையாகவும் இருந்தது. 1951-ல் ஜி.ஆர்.தாமோதரன் முதல்வராக இருந்து பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரி ஆரம்பித்தபோது, அந்தப் பட்டறைக்குப் பக்கத்திலேயே வகுப்பறைகள் எழும்பின. காலையில் கரும்பலகையில் பார்த்த பம்பை மதியம் கையால் தொட்டுப் பார்க்கலாம். அச்சு வார்ப்பது எப்படி என்று மட்டுமல்ல, வார்த்தது விற்குமா என்றும் அங்கேயே தெரிந்துவிடும்.

அது ஏன் பம்பு? கொங்கு நாடு வானம் பார்த்த பூமி. அன்னூர் பக்கம் கிணறு தோண்டியவர்களைக் கேட்டால் தெரியும், தண்ணீர் எத்தனை ஆழத்தில் இருக்கிறது என்று! 1932-ல் பைகாரா மின்சாரம் வந்தது. கிணற்றிலிருந்து தண்ணீர் இறைக்க மோட்டார் வேண்டும், ஆனால் எல்லாம் வெளிநாட்டுச் சரக்கு. 1937-ல் ஜி.டி.நாயுடுவும் டி.பாலசுந்தரமும் இந்தியாவிலேயே முதல் மின்மோட்டாரைக் கோவையில் செய்து காட்டினார்கள். பாலசுந்தரம் பின்னால் டெக்ஸ்டூல் கம்பெனியைத் தொடங்கினார். ஒருவர் பக்கத்தில் நின்று வேலை பழகிவிட்டுத் தனியாகக் கடை போடுவது கோவையில் அன்று முதல் இன்று வரை நடக்கிற கதை. 'மென்டர்' என்ற சொல் தெரியாத லேத் பட்டறைகளில் கூட அதுதான் நடந்தது.

இதில் நாயுடு கதை தனி. 1893-ல் கலங்கலில் பிறந்தவர். பள்ளிப் படிப்பு பெரிதாக இல்லை. 1945-ல் ஆர்தர் ஹோப் பெயரில் பாலிடெக்னிக்கும் பொறியியல் கல்லூரியும் அமையக் காரணமாக இருந்து, கல்லூரியின் முதல் முதல்வரும் ஆனார். (அந்தக் கல்லூரிதான் இன்றைய அரசு தொழில்நுட்பக் கல்லூரி.) நாலு வருடப் படிப்பு வேண்டாம், இரண்டு வருடம் போதும் என்றார். அரசு ஒத்துக்கொள்ளவில்லை. பதவியை விட்டுவிட்டார். அவர் சொன்ன கணக்கு சரியோ தவறோ, மாணவனின் வயதும் ஒரு மூலதனம் என்று அப்போதே பேசியிருக்கிறார்.

போட்டி என்ற வடிவம் மட்டும் வெளியிலிருந்து வந்தது. 1984-ல் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் தொழில் திட்டப் போட்டி நடந்தது. 1990-ல் எம்.ஐ.டி. மாணவர்கள் 10,000 டாலர் பரிசுடன் ஒன்றைத் தொடங்கினார்கள். 1998-ல் அந்த எம்.ஐ.டி. போட்டியின் இறுதிச் சுற்றுக்கு வந்து பரிசு வாங்காமல் போன ஒரு அணி, அதே ஆண்டில் கம்பெனி ஆரம்பித்தது. அதுதான் அகமாய். இணையப் பக்கங்கள் வேகமாகத் திறப்பதற்குப் பின்னால் இருக்கும் அதே கம்பெனி! தோற்ற அணிக்குக் கிடைத்தது பரிசுப் பணம் அல்ல. திட்டத்தைத் தாளில் ஒழுங்காக எழுதும் பழக்கமும், குறை சொல்ல ஆளும், முதலீட்டாளர் அறிமுகமும்தான்.

இந்தியாவில் மத்திய அரசு 1982-ல் இதற்கென ஒரு வாரியம் அமைத்தது. திருச்சியில் 1986-ல் ட்ரெக்-ஸ்டெப், கோவையில் 1998-ல் பி.எஸ்.ஜி.-ஸ்டெப் என்று தொழில்முனைவோர் பூங்காக்கள் வந்தன. 2017-ல் முதல் ஸ்மார்ட் இந்தியா ஹேக்கத்தான், விடாமல் 36 மணி நேரம்.

36 மணி நேரம் சரி. 37-வது மணி நேரத்தில் என்ன? கையில் செக்கும் சான்றிதழும் இருக்கும். வீட்டில் கல்விக் கடன் இருக்கும். கேம்பஸ் இன்டர்வியூவில் வேலையும் கிடைத்துவிட்டால், "இரண்டு வருடம் பொறுங்கள்" என்று காடு வைத்திருக்கும் அப்பாவிடம் எந்தப் பிள்ளை சொல்லும்? மழை பொய்த்த வருடமாக இருந்தால் கேட்கவே வேண்டாம். நல்ல யோசனைகள் பல சாவது போட்டி மேடையில் அல்ல, இந்த இடத்தில்தான். அப்போது உதவுவது இன்னொரு கோப்பை அல்ல. வாடகை கேட்காத ஒரு மூலை, ஓட்டிப் பார்க்க ஒரு மெஷின், முதல் ஆர்டர் தரக்கூடிய ஒரு மில் முதலாளியின் அறிமுகம், "இது விற்காது தம்பி" என்று முகத்துக்கு நேரே சொல்லும் ஒரு பெரியவர். இன்குபேட்டர் என்பது இவ்வளவுதான்.

கோவை அருணாசலம் முருகானந்தம் கல்லூரி மாணவர் அல்ல, பாதியில் பள்ளியை விட்டவர். மலிவு விலை நாப்கின் மெஷினை அவர் சென்னை ஐ.ஐ.டி.யில் காட்ட, அவர்கள் அதைத் தேசியப் போட்டிக்கு அனுப்பி, விருதும் கிடைத்தது. ஆனால் அதற்குப் பல வருடம் முன்பே, நாப்கினுக்குள் இருப்பது என்ன பொருள் என்று தெரியாமல் தவித்தபோது, பெரிய கம்பெனிகளுக்குக் கடிதம் எழுத அவருக்கு ஒரு கல்லூரிப் பேராசிரியர் உதவினார். கட்டணமாகக் கொடுக்க முருகானந்தத்திடம் பணம் இல்லை. அந்தப் பேராசிரியர் வீட்டில் வீட்டு வேலை செய்து கடனைத் தீர்த்தார்.