மடிக்கணினி விளையாட்டும் உஷ்ண வரம்பும்: செம்பரம்பாக்கத்துச் சீதோஷ்ணத்தை முன்னிட்டு ஓர் ஆராய்ச்சி

மடிக்கணினியில் விளையாடுவோர் கிராபிக்ஸ் செட்டிங்குகளைத் தேர்ந்தெடுக்கும் முறையைக் கவனித்தால், அவர்களுள் பலர் கிராபிக்ஸ் கார்டின் பெயரையே முதற்பிரமாணமாகக் கொண்டு, அந்தப் பெயருக்கு இன்ன செட்டிங் பொருந்தும் என்று எங்கோ யாரோ வகுத்த பட்டியலை அப்படியே அனுசரிப்பது புலனாகும். மேஜைக் கணினிக்கு இம்முறை ஓரளவு போதுமானதே. மடிக்கணினிக்கு, அதிலும் செம்பரம்பாக்கம் முதல் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வரை பரவியுள்ள தொழிற்பேட்டைப் பிரதேசத்தின் கோடைகாலத்தில் உபயோகிக்கப்படும் மடிக்கணினிக்கு, அது போதாது என்பதும், கார்டின் பெயரைவிட அதற்குக் கிடைக்கும் மின்சக்தியும் அறையின் உஷ்ணமுமே தேர்வை நிர்ணயிக்க வேண்டியவை என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

இப்பிரதேசத்தை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. டெல் நிறுவனம் 2007-இல் ஸ்ரீபெரும்புதூரில் கணினித் தொழிற்சாலையைத் திறந்தது, எச்.பி. நிறுவனத்தின் மடிக்கணினிகள் 2021 முதல் அங்குள்ள ஃப்ளெக்ஸ் ஆலையில் தயாராகத் தொடங்கின. தமிழக அரசு 2011 செப்டம்பரில் மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்க ஆரம்பித்த பிறகு, தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத யந்திரத்திலும் விளையாட்டை எப்படியாவது ஓடவைக்கும் சாமர்த்தியம் பல இளைஞர்களுக்குப் பள்ளிப் பருவத்திலேயே கைவந்தது. உற்பத்தியும் உபயோகமும் இங்கேயே நிகழும்போது, உபயோகத்துக்கான யோசனையை மட்டும் குளிர்ந்த அறைகளின் பரிசோதனையிலிருந்து கடன்வாங்குவது நியாயமாகாது.

முதலில் பெயரின் விஷயம். ஆர்.டி.எக்ஸ். 4060 என்னும் மடிக்கணினிக் கார்டுக்கு என்விடியா நிறுவனம் அனுமதித்துள்ள சக்தி 35 வாட் முதல் 115 வாட் வரை விரிகிறது. இவ்வெல்லைக்குள் எவ்வளவு கொடுப்பது என்பதை, உடலின் தடிமனையும் விசிறியையும் செப்புக் குழாய்களையும் கருதி, மடிக்கணினியைத் தயாரிப்பவரே தீர்மானிக்கிறார். ஆகவே ஒரே பெயர் தாங்கிய இரண்டு யந்திரங்களுள் ஒன்று மற்றொன்றைப்போல் மூன்று மடங்கு சக்தி பெறுவதும் சாத்தியமே. அன்றியும், பல மாதிரிகளில் மத்தியச் செயலியும் கிராபிக்ஸ் கார்டும் ஒரே குழாய்களின் வழியாகத்தான் உஷ்ணத்தை வெளியேற்றுகின்றன என்பதால், ஒன்றின் செலவு மற்றதன் பங்கைக் குறைத்துவிடுகிறது.

அடுத்தது அறையின் உஷ்ணம். கார்டிலுள்ள சில்லின் (சிப்பின்) உஷ்ணநிலை என்பது, அறையின் உஷ்ணநிலையோடு, செலவாகும் சக்திக்கு ஏறக்குறைய விகிதசமமான ஓர் உயர்வைக் கூட்டியதாகும். 87 டிகிரியில் கார்டு தன்னைத் தானே அடக்கிக்கொள்வதாக வைத்துக்கொள்வோம். 22 டிகிரிக்குக் குளிரூட்டிய அறையில் அதற்கு 65 டிகிரி இடைவெளி கிடைக்கிறது. பகலில் 40 டிகிரியைத் தாண்டிய மே மாத வெயில் இன்னும் சுவரிலும் கூரையிலும் தங்கியிருக்க, ஷிப்ட் முடிந்து வந்தவர் இரவில் விளையாட உட்காரும் அறை 36 டிகிரியில் இருக்குமாயின், அவ்விடைவெளி 51 டிகிரியாகச் சுருங்கும். இவ்விகிதப்படி, முன்னதில் 100 வாட்டை நீடித்துத் தாங்கிய யந்திரம் பின்னதில் சுமார் 78 வாட்டையே தாங்கும். அதை மெத்தைமேல் வைத்து அடிப்புறத்துக் காற்றுவழியை அடைத்தாலும், லாரிகள் கிளப்பும் புழுதி விசிறியை அடுத்த மெல்லிய தகடுகளின் இடுக்கில் படிந்து திரண்டாலும், இந்த 78-உம் நிலைக்காது.

இந்த நஷ்டம் தோன்றுமளவுக்குப் பெரிதன்று. சில்லில் செலவாகும் சக்தி அதன் வேகத்தையும், மின்னழுத்தத்தின் வர்க்கத்தையும் பொறுத்தது. வேகம் கூடக்கூட மின்னழுத்தமும் கூடவேண்டியிருப்பதால், சக்தி ஏறக்குறைய வேகத்தின் கனத்துக்கு (மூன்றாம் அடுக்குக்கு) விகிதசமமாகப் பெருகுகிறது. இக்கணக்கின்படி சக்தியில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல் குறைந்தாலும் வேகத்தில் குறைவது சுமார் 8 சதவீதமே. நினைவகத்தின் செலவையும், மின்னழுத்தம் ஓரெல்லைக்குக் கீழே இறங்காது என்பதையும் இக்கணக்கு சேர்த்துக்கொள்ளவில்லை. எனினும், கடைசிச் சில வாட்டுகள் தரும் பலன் அற்பம், அவை தரும் சூடோ அதிகம் என்னும் முடிவு மாறாது.

அப்படியாயின், வரம்பை எட்டியதும் யந்திரமே வேகத்தைக் குறைத்துக்கொள்ளட்டுமே என்று சிலர் ஆட்சேபிக்கலாம். விநாடிக்கு 60 பிரேம் என்றால் ஒவ்வொன்றுக்கும் 16.7 மில்லிவிநாடி, கண்ணும் கையும் பழகுவது இந்தச் சீரான இடைவெளிக்குத்தான். சூடேறியபின் யந்திரம் தானாக அடங்குவதும், சற்று ஆறியதும் மறுபடி பாய்வதுமாக இருந்தால், கார்ப் பந்தயத்தில் ஒரு வளைவை விரைவான பிரேம்களோடும் அடுத்த வளைவைத் தாமதமான பிரேம்களோடும் கடக்க நேர்ந்து, ‘லேக் அடிக்கிறது’ என்று விளையாடுபவர் சலித்துக்கொள்கிறார். 24 அடி முழு உயரமுள்ள செம்பரம்பாக்கம் ஏரியில், 2020 நவம்பர் 25-ஆம் தேதி நிவர் புயலின்போது நீர்மட்டம் 22 அடியை எட்டியதுமே முதலில் விநாடிக்கு 1,000 கனஅடி வீதம் நீரைத் திறந்துவிட்டது எந்த விவேகத்தால் செய்யப்பட்டதோ, அதே விவேகம் இங்கும் வேண்டும்: வரம்பு வந்து நிர்ப்பந்திக்குமுன் நாமே அளவை விதித்துவிட வேண்டும்.

அவ்வளவை விதிக்கும் கருவி பிரேம் வரம்பு. செட்டிங்கைக் குறைத்தால் சூடு குறையும் என்ற பொதுவான அபிப்பிராயம் இவ்வரம்பு இல்லாதபோது பொய்த்துவிடுகிறது. வேலை இலகுவானதும் கார்டு ஓய்வெடுப்பதில்லை, அதிகப் பிரேம்களை வரைந்து அதே சக்தியைச் செலவிடுகிறது. எனவே யந்திரம் நன்றாகச் சூடேறும்வரை விளையாடிப் பார்த்து, அப்போது நிலைத்து நிற்கும் எண்ணுக்குச் சற்றுக் கீழே வரம்பு வைப்பதே முதற்காரியம். 144 ஹெர்ட்ஸ் திரையாயின் 72 அல்லது 48 சமமாகப் பொருந்தும். அதன்பின் ரெசல்யூஷன்: 1920-க்கு 1080 என்பதில் 20,73,600 புள்ளிகள், 1280-க்கு 720 என்பதில் 9,21,600 மட்டுமே. டி.எல்.எஸ்.எஸ்., எஃப்.எஸ்.ஆர். முதலிய உத்திகள் குறைந்த புள்ளிகளில் வரைந்து பெரிதாக்கிக் காட்டி இவ்வித்தியாசத்தைப் பெருமளவு மறைக்கின்றன. அடுத்து நிழல், பிரதிபலிப்பு, ரே டிரேசிங் ஆகியவற்றைக் குறைக்கலாம். இவையே கணக்கிடும் சக்தியை மிகுதியாக உண்பவை. டெக்ஸ்சரின் கதை வேறு: அது நினைவகத்தின் கொள்ளளவைச் சார்ந்தது; கார்டின் 8 ஜி.பி.-க்குள் அடங்கும்வரை அதை உயர்த்தி வைப்பதால் வேகம் அநேகமாகக் குறைவதில்லை. அனைத்தையும் ஒரே அழுத்தில் ‘லோ’வுக்குத் தள்ளுபவர் பிரயோஜனமின்றி அழகை இழக்கிறார்.

தனி கார்டு இல்லாத மடிக்கணினியில் தடை வேறிடத்தில் உள்ளது. அங்கே கிராபிக்ஸ் பகுதி பொது நினைவகத்தையே பகிர்ந்துகொள்கிறது. டி.டி.ஆர்.4-3200 ரேம் ஒற்றை வழியில் விநாடிக்கு 25.6 ஜி.பி. தருகிறது, இரட்டை வழியில் 51.2; முற்கூறிய 4060 கார்டின் சொந்த நினைவகமோ 256. இத்தகைய யந்திரத்துக்கு, காலியாக உள்ள ஸ்லாட்டில் இன்னொரு ரேமைப் பொருத்துவது எந்தச் செட்டிங்கையும் விட மேலான உபகாரம். இரண்டு கிராபிக்ஸும் உள்ள யந்திரத்தில் எந்த விளையாட்டுக்கு எது என்பதை விண்டோஸிலேயே விதிக்கும் வசதி 2018 முதல் உண்டு; ‘லேக்’குக்கு வைஃபை வேகத்தைப் பழிக்குமுன் அதைச் சரிபார்ப்பது நன்று.

குளிரூட்டிய அறை உள்ளவருக்கு இவ்வாதம் பொருந்தாது என்பது பாதி உண்மையே. அறை குளிர்ந்தாலும் சக்தி வரம்பு மாறுவதில்லை. ஆதலால், எந்தச் செட்டிங் பட்டியலும் கார்டின் பெயரோடு, அது பெற்ற வாட்டையும், சோதனை நடந்த அறையின் உஷ்ணத்தையும், எத்தனை நிமிஷம் ஓடியபின் அளக்கப்பட்டது என்பதையும் சொல்ல வேண்டும். இம்மூன்றையும் சொல்லாத பட்டியலை ஒரு தொடக்கமாகக் கொள்ளலாமேயன்றிப் பிரமாணமாகக் கொள்வதற்கில்லை. தமிழில் இத்தகைய பரிசோதனைகளை எழுத முற்படுவோர் 36 டிகிரி அறையையே தம் ஆதார நிலையாக வைத்துக்கொள்வது பொருத்தமாக இருக்கும்.