கேபிளை வெட்டிய கதை

போன மாசம் எங்க வீட்டு கேபிள் கனெக்‌ஷனை வெட்டிட்டேன் மக்களே. "இனிமே எல்லாமே நெட்லதான். எது வேணுமோ அதுக்கு மட்டும் காசு குடுத்தா போதும்"னு பொட்டி தட்டுறவனுக்கே உரிய தெனாவெட்டோட வீட்டுல ஒரு லெக்சர் வேற. எல்லாத்தையும் பொறுமையா கேட்டுட்டு அப்பா ஒரே ஒரு வரி சொன்னார்.

"இதையேதான்டா 2003லயும் சொன்னாங்க."

2003ல நான் ரெண்டாங்கிளாஸ். ஒரு நாள் ஸ்கூல் விட்டு வந்து டிவியைப் போட்டா கார்ட்டூன் சேனலைக் காணோம், வெறும் புள்ளி புள்ளியா கொட்டுது. அன்னிக்கு அழுதது நல்லா ஞாபகம் இருக்கு. ஏன் போச்சுன்னு அப்போ யாரும் சொல்லல. அப்பா சொன்ன அந்த ஒரு வரிக்கு அப்புறம்தான் தோண்ட ஆரம்பிச்சேன். தோண்டினதுல கிடைச்சதுதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், டீ எடுத்துட்டு வந்து உக்காருங்க.

மெட்ராஸ்ல தூர்தர்ஷன் நிலையம் ஆரம்பிச்சது 1975 ஆகஸ்ட் 15. கேபிள்ங்கிற சமாச்சாரம் எண்பதுகள்ல அடுக்குமாடிக் குடியிருப்புகள்ல தொடங்குச்சு. ஒருத்தர் வீட்டுல வீடியோ டெக், அதுல இருந்து மத்த வீடுகளுக்கு வயர். ராத்திரி படம் போடுவாங்க, அவ்வளவுதான் கேபிள். 1991 ஜனவரியில வளைகுடாப் போர் வந்துச்சு. சிஎன்என்ல போரை நேரடியா காட்டுறாங்கன்னு பெரிய ஓட்டல்கள்ல கூட்டம் கூடுச்சு. அதே வருஷம் ஹாங்காங்ல இருந்து ஸ்டார் டிவி வந்துச்சு. மொட்டை மாடியில ஒரு டிஷ், கீழே ஒரு சின்ன ரூம்ல ரிசீவர், அங்க இருந்து மரம், மின்கம்பம், மாடிச் சுவர்னு எது கிடைச்சாலும் அது மேல வயர். தெருவுக்குத் தெரு ஒரு கன்ட்ரோல் ரூம். 1993 ஏப்ரல் 14ல சன் டிவி ஆரம்பிச்சதுக்கு அப்புறம் தமிழ்நாட்டுல கேபிள் ஆடம்பரம்ங்கிற நிலை போய், பால், பேப்பர் மாதிரி ஆயிடுச்சு. இதுக்கெல்லாம் ஒரு சட்டம் வந்ததே 1995லதான். வயர் முன்னாடி ஓடுச்சு, சட்டம் பின்னாடி ஓடி வந்துச்சு.

இங்க ஒரு டெக்னிக்கல் விஷயத்தைக் கவனிக்கணும். பழைய அனலாக் கேபிள்ல யார் வீட்டுல வயர் போகுதுன்னு எண்ணவே முடியாது. ஒரு ஸ்பிளிட்டர் போட்டா ரெண்டு வீடு, இன்னொண்ணு போட்டா நாலு வீடு. சிக்னல் தண்ணி மாதிரி, குழாய் எங்க இருக்கோ அங்க ஊத்தும். சேனல்காரங்க ஒரு வீட்டுக்கு இவ்வளவுன்னு காசு கேட்டாங்க. "எத்தனை வீடு?"ன்னு கேட்டா கேபிள்காரர் ஒரு கணக்கு சொல்லுவார். உண்மையான எண்ணிக்கையை விட அது ரொம்பக் கம்மியா இருக்கும். இவங்க நம்ப மாட்டாங்க, ரேட்டை ஏத்துவாங்க. அவர் இன்னும் கம்மியா சொல்லுவார். இந்தக் கண்ணாமூச்சியில மாசா மாசம் ஏறுனது நம்ம வீட்டு பில்.

இதுக்கு மருந்தா வந்ததுதான் 'காஸ்'. பாக்ஸ் வெச்சு எண்ணுறது. இலவச சேனல்கள் எல்லாம் ஒரு அடிப்படைத் தொகுப்பு, அதுக்கு அரசு நிர்ணயிச்ச விலை 72 ரூபாய். கட்டண சேனல் வேணும்னா பாக்ஸ் வாங்கி, எது வேணுமோ அதை மட்டும் எடுத்துக்கலாம். டெல்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை நாலு நகரத்துக்கும்தான் திட்டம் போட்டாங்க. மத்த மூணுலயும் தள்ளிப் போச்சு. 2003 செப்டம்பர் 1ல இருந்து நடைமுறைக்கு வந்தது சென்னையில மட்டும்.

நம்ம ஆளுங்க என்ன செஞ்சாங்க? பெரும்பாலான வீடுகள் பாக்ஸே வாங்கல. முக்கியமான தமிழ் சேனல்கள் பாக்ஸ் இல்லாமலே வந்துச்சு, அப்புறம் எதுக்கு சில ஆயிரம் ரூபாய் செலவு? எங்க வீட்டுலயும் அதேதான். அம்மாவோட சீரியல் தப்பிச்சுது, என் கார்ட்டூன் போச்சு. 'நீங்களே தேர்ந்தெடுங்க'ன்னு சொன்னா வீட்டுல யாரோட தேர்வு ஜெயிக்கும், யாரோடது தோக்கும்ங்கிறதை ஏழு வயசுலயே கத்துக்கிட்டேன், ஹி ஹி.

அதுக்கப்புறம் டிடிஎச் வந்துச்சு. 2003ல டிஷ் டிவி, 2006ல டாடா ஸ்கை. 2006க்கு அப்புறம் தமிழ்நாட்டுல அரசே இலவச கலர் டிவி குடுத்துச்சு. 2011 செப்டம்பர்ல அரசு கேபிள் மாசம் 70 ரூபாய்க்கு வந்துச்சு. 2011ல சட்டத்தைத் திருத்தி, நாடு முழுக்க படிப்படியா எல்லா வீட்டுக்கும் பாக்ஸ் கட்டாயம்னாங்க. ஒருவழியா எண்ண முடிஞ்சுது.

ரெண்டாவது தடவை அதே வாக்குறுதி வந்தது 2019ல. டிராய் கொண்டு வந்த புது கட்டண முறை ஞாபகம் இருக்கா? 100 சேனலுக்கு 130 ரூபாய், வரியோட 153 ரூபாய் 40 காசு. அதுக்கு மேல கட்டண சேனல் ஒவ்வொண்ணுக்கும் தனி விலை போட்டுட்டாங்க, எது வேணுமோ டிக் அடிங்க. தொகுப்புல சேர்க்கிற சேனலோட தனி விலை 19 ரூபாயைத் தாண்டக் கூடாதுன்னு வரம்பு வெச்சாங்க. உடனே என்ன ஆச்சு? ஆளாளுக்கு முக்கியமான சேனலை எல்லாம் சரியா 19 ரூபாய்ல கொண்டு போய் நிறுத்தினாங்க. ஆனா தொகுப்பா வாங்கினா தள்ளுபடி. அந்தத் தள்ளுபடி 70 சதவீதம் வரைக்கும் போகுதுன்னு டிராயே சொல்லுச்சு. தனியா நாலு சேனல் எடுக்கிற காசுக்கு மொத்தக் கட்டும் கிடைச்சா எவன் தனியா எடுப்பான்? கட்டு திரும்ப வந்துடுச்சு.

இதுக்குள்ள மூணாவது வாக்குறுதி வேற வாசல் வழியா வந்துட்டு இருந்துச்சு. 2015 பிப்ரவரியில ஹாட்ஸ்டார். 2016 ஜனவரியில நெட்ஃபிளிக்ஸ், மாசம் 500 ரூபாய்ல தொடங்கி. அப்போ அது நம்ம ஊருக்கானதே இல்லைன்னு தோணுச்சு. ஆனா 2016 செப்டம்பர் 5ல ஜியோ வந்து டேட்டாவை மாசக்கணக்குல சும்மா குடுத்ததும் ஆட்டமே மாறிப் போச்சு. டிசம்பர்ல அமேசான் பிரைம் வீடியோ. 2020ல கொரோனா ஊரடங்கு, தியேட்டர் மூடல். மே 29ல 'பொன்மகள் வந்தாள்', நவம்பர் 12ல 'சூரரைப் போற்று'ன்னு புதுப்படம் நேரா வீட்டுக்கே வந்துச்சு. எங்க அம்மா செல்போன்ல முழுசா பாத்த முதல் படம் ரெண்டாவது சொன்னதுதான்.

கேபிளை வெட்டுறதுங்கிற பேச்சே அமெரிக்காவுல இருந்து வந்தது. அங்க நீல்சன் கணக்குப்படி 2022 ஜூலையில முதல் தடவையா மொத்த டிவி நேரத்துல ஸ்ட்ரீமிங் 34.8 சதவீதம், கேபிள் 34.4 சதவீதம். ஆனா அங்க கேபிள் பில் பயங்கரம், வெட்டினா உடனே காசு மிச்சம். நம்ம ஊர்ல கேபிளே மலிவு. இங்க பலபேர் வெட்டல, மேல ஒண்ணை சேத்துக்கிட்டாங்க.

சேத்தது என்னன்னு பாத்தா திரும்பவும் கட்டுதான். 2023 ஐபிஎல்லை ஜியோ சினிமாவுல சும்மா காட்டினாங்க. 2025 பிப்ரவரி 14ல அதுவும் ஹாட்ஸ்டாரும் ஒண்ணா சேந்து ஜியோஹாட்ஸ்டார் ஆச்சு. அந்த சீசனுக்கு சந்தா கேட்டாங்க, குறிப்பிட்ட ரீசார்ஜ் பண்ணா சந்தா கூடவே வந்துச்சு. பிராட்பேண்ட் பிளான்ல பாருங்க, "இத்தனை ஆப் இலவசம்"னு போட்டிருக்கும். பழைய கேபிள் தொகுப்புதான், சட்டை மட்டும் வேற.

ஏன் திரும்பத் திரும்ப இப்படியே ஆகுது? ஒரு சின்னக் கணக்கு. எங்கப்பாவுக்கு நியூஸ் சேனல் 10 ரூபாய்க்கு ஒர்த், சீரியல் சேனல் 2 ரூபாய். எதிர்வீட்டு மாமிக்கு சீரியல் 10, நியூஸ் 2. ஒவ்வொண்ணும் 10 ரூபாய்னு தனித்தனியா வித்தா ஆளுக்கு ஒண்ணு வாங்குவாங்க, வருமானம் 20. ரெண்டையும் கட்டி 12 ரூபாய்க்கு வித்தா ரெண்டு பேருமே வாங்குவாங்க, வருமானம் 24. இன்னொரு வீட்டுக்கு சிக்னல் அனுப்ப கூடுதல் செலவு கிட்டத்தட்ட பூஜ்யம். அப்படி இருக்கும்போது எந்த வியாபாரியும் கட்டை அவுக்க மாட்டான். வயர் மாறலாம், பாக்ஸ் மாறலாம், இந்தக் கணக்கு மாறாது. அனலாக் காலத்துல வீட்டையே எண்ண முடியல, இப்போ எந்த நிமிஷத்துல படத்தை நிறுத்தினோம்னு வரைக்கும் எண்ணுறாங்க. எண்ணத் தெரிஞ்சதால நமக்கு பில் குறையல, அவங்களுக்கு எதைக் கட்டலாம்னு தெளிவாச்சு.

சரி, வீட்டுக்கு வருவோம். கேபிளை வெட்டி ரெண்டு வாரம் அம்மா எதுவும் சொல்லல. ஒரு நாள் காலையில சமையக்கட்டுல இருந்து குரல்: "டிவி ஏன்டா என்னைக் கேள்வி கேக்குது? 'யார் பாக்குறீங்க'ங்குது, 'இன்னும் பாக்குறீங்களா'ங்குது. கை முழுக்க மாவு. முன்னாடி அது பாட்டுக்கு பேசிட்டு இருக்கும்."

அவங்களுக்கு டிவி தேர்ந்தெடுத்துப் பாக்குற பொருள் இல்லை, வீட்டுல கூட இருந்து பேசுற ஒரு ஆள். என் லெக்சர்ல அந்தக் கணக்கு வரவே இல்லை. அவ்வ்வ்வ்...

கேபிள் அண்ணனுக்கு போன் போட்டேன். சிரிச்சுக்கிட்டே, "நான் கட் பண்ணவே இல்ல தம்பி, பாக்ஸை மறுபடி மாட்டுங்க"ன்னார். எங்க வீட்டு பிராட்பேண்டும் அவர்கிட்டதான்ங்கிறது வேற கதை. ஆக இப்போ வீட்டுல ரெண்டுமே ஓடுது, பில்லும் ரெண்டு.

கேபிள்ல இல்லாத ஒரே ஒரு வசதி இதுல இருக்கு. எந்த ஆப்பையும் ஒரு மாசம் வாங்கி, வேணுங்கிறதைப் பாத்துட்டு நிறுத்திடலாம், யார்கிட்டயும் கெஞ்ச வேண்டாம். வருஷ சந்தா, இலவச இணைப்புன்னு ஆசை காட்டுறதெல்லாம் அந்த ஒரு சுதந்திரத்தை வாங்கத்தான்னு நினைக்கிறேன். இனி எங்க வீட்டுல ஒரு நேரத்துல ஒரே ஆப். நாலாவது தடவை யாராவது 'பாக்குறதுக்கு மட்டும் காசு'ன்னு வந்தா, முதல்ல அப்பாகிட்டதான் அனுப்பப் போறேன்.

உங்க வீட்டுல வெட்டியாச்சா, ரெண்டும் ஓடுதா? சொல்லிட்டுப் போங்க.

டிஸ்கி: அந்த கார்ட்டூன் சேனல் இப்போ தொகுப்புல வருது. பாக்கத்தான் நேரமில்லை.